வீட்டுத் தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. விதைப் பரிமாற்றமும் மண்புழு உரப் பயிற்சியும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது திராட்சைதான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருந்துகொண்டு திராட்சையைக் கடையில் வாங்கித் தின்கிறோமே என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு எடுக்கிற மண் இது. அப்புறம் நம் வீட்டுப் பந்தலில் மட்டும் ஏன் காய்ப்பதில்லை?

வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பல வீடுகளில் கொடிக்குக் குறைவே இல்லை. மொட்டை மாடி வரை ஏறி, இலை அடர்ந்து, நல்ல நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. குலைதான் இல்லை. காரணம் ஒன்றுதான்: யாரும் கவாத்து செய்யவில்லை, அதாவது குச்சிகளை வெட்டிவிடவில்லை. பச்சையாக வளர்கிற கொடியில் கத்தி வைக்க மனம் வரவில்லை.

சுருளிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி ஐயா வந்து செய்து காட்டினார். முதலில் இலைகளை உருவினார். பழுப்பேறி முற்றிய குச்சிகளில் அடியிலிருந்து நான்கு மொட்டு விட்டு வெட்டினார். மெலிந்த குச்சிகளில் ஒன்றிரண்டு மொட்டுதான் விட்டார். அரை மணி நேரத்தில் பந்தல் வெறும் கம்பியாக நின்றது. வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா கலங்கிப்போனார்கள். "அது வேர் உயிரோட இருக்குன்னு அர்த்தம்மா, தானா நின்னுடும்" என்றார் ஐயா. அப்படியே நின்றது. முற்றிய குச்சியின் மொட்டிலிருந்து வரும் புதுத் துளிரில்தான் பூங்கொத்து வரும் என்பதைக் கண்ணால் பார்க்க அன்றிலிருந்து எல்லோரும் காத்திருக்கத் தொடங்கினோம். சில வாரத்தில் கடுகு போன்ற பூங்கொத்து தெரிந்தபோது அந்த அம்மா அனுப்பிய படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஐப்பசி மழை சோதித்தது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் படியும் அடிச்சாம்பல் நோய் பல பந்தல்களில் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுண்ணாம்பு என்ற கணக்கில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை அடித்தோம். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் மட்டும் கலக்க வேண்டும். அன்றே அடித்துவிட வேண்டும். தகர வாளியில் கலக்கி ஒரு முறை மருந்தையும் வாளியையும் கெடுத்தவன் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை.

கவாத்து முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில், தைப் பொங்கலையொட்டிப் பழம் வந்தது. மைனாவுக்கும் அணிலுக்கும் பயந்து பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் குலைகளுக்குக் கட்டினோம். ஒரு வீட்டில் நிறம் ஏறியவுடன் அவசரப்பட்டு அறுத்துவிட்டார்கள். மாம்பழம் போல வைக்கோலில் வைத்தால் பழுக்கும் பழமில்லை இது. அறுத்த பிறகு இனிப்பு ஏறாது. குலையின் நுனியில் உள்ள பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைக் கடித்துப் பார்த்து இனித்தால் அறுக்கலாம்.

தின்றது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியைச் சாறாக்கினோம். பழத்தைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்து மசித்தால் தோலின் நிறம் இறங்கும். பிறகு வடிகட்டிப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் அடியில் கண்ணாடித் தூள் போல மணிகள் படிந்திருப்பதைக் கண்டு ஒருவர் முழுப் பாட்டிலையும் கொட்டப் போனார். கொட்ட வேண்டாம். திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. கேக் செய்கிறவர்கள் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று கடையில் வாங்குவது இதைச் சுத்தம் செய்ததைத்தான். தெளிந்ததை மேலாக ஊற்றிக்கொண்டால் போதும். ஜாமும் நன்றாக வந்தது. உலர்திராட்சை முயற்சி திருப்தியாக இல்லை. பன்னீரில் விதை இருப்பதால் வாயில் நெருடுகிறது.

கிறிஸ்துமஸை முன்னிட்டு வைன் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சங்கத்தின் பெயரால் அது வேண்டாம் என்று குழு முடிவு செய்தது.

அடுத்த கவாத்தில் விழும் குச்சிகளைத் தயவுசெய்து எரிக்க வேண்டாம். முற்றிய குச்சியை நான்கு கணு வைத்து நறுக்கிப் பைகளில் நட்டால் வேர் பிடிக்கும். ஆடி மாதத்துக்குள் கொடி இல்லாத உறுப்பினர் வீடுகளுக்கெல்லாம் ஒன்றாவது கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கவாத்துக் கத்தரிகள் இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. தெருவாரியாக நாள் குறிக்க வேண்டும், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்