யாருக்கும் தன் பெயர் தெரியாத இடத்திலிருந்து பேசிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் நீ சொன்ன ஒன்று மூன்று நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "அக்கா, நாளைக்கு நான் வகுப்புக்குப் போகாவிட்டாலும் இங்கே ஒருவருக்கும் தெரியாது." சொன்ன கையோடு அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாய். எனக்கும் உடனே பதில் வரவில்லை. நீ சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்ததுதான் காரணம்.

முதலாண்டில் நானும் அப்படி ஓர் அரங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். முந்நூறு இருக்கைகள், ஒலிபெருக்கியில் வரும் குரல், திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் படங்கள். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதில் என் பெயர்கூட இல்லை, பதிவெண் மட்டும் இருந்தது. வளாகத்தின் வாசலைத் தாண்டினால் பெருநகரம். அங்கேயும் நம்மைத் தெரிந்தவர் எவருமில்லை. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த பிள்ளைக்கு இந்த இரட்டை அந்நியம் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள். நீ படிப்பது போன்ற தனியார் பல்கலைக்கழகத்தின் வருமானத்தில் பெரும்பங்கு மாணவர் கட்டும் கட்டணம். முதலாண்டின் பெரிய அரங்குகளில் மிச்சமாகும் பணத்தில்தான் பல இடங்களில் மேலாண்டுகளின் சிறிய வகுப்புகளும் ஆய்வுக்கூடங்களும் நடக்கின்றன. முதலாண்டுப் பாடங்களை எடுப்பவர்களில் பலர் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பகுதி நேர ஆசிரியர்கள். காலையில் ஒரு நிறுவனம், மாலையில் இன்னொன்று என்று ஓடுபவர்களும் அவர்களில் உண்டு. பலருக்குத் தனி அறைகூடக் கிடையாது. நிரந்தரப் பேராசிரியர்களுக்கோ பதவி உயர்வு பெரும்பாலும் ஆய்வைப் பொறுத்தது. உன்னை ஒருவரும் கவனிக்காததற்கும் உன் தகுதிக்கும் தொடர்பில்லை. அந்த இடத்தின் கட்டமைப்பு அப்படி.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் இத்தாலியின் பொலோன்யா நகரம் நினைவுக்கு வரும். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1088 என்பது மரபு. அங்கே சட்டம் படிக்கத் தொலைதூர நாடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு அந்நகரின் குடியுரிமை இல்லை. தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு லத்தீனில் 'உனிவர்சிதாஸ்' என்று பெயர். இன்றைய 'யுனிவர்சிட்டி' அதிலிருந்து வந்ததுதான். நேரத்துக்கு வகுப்பைத் தொடங்காத ஆசிரியருக்கு அந்த மாணவர்கள் அபராதம்கூட விதித்தார்கள்! நம் சொல்லிலும் அதே பொருள்தான் இருக்கிறது: கழகம் என்றால் கூடிய கூட்டம். கட்டடமும் வாசல் வளைவும் பிறகு வந்தவை. அறிமுகமில்லாத நகரத்தில் தனியாக நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தது முதலில் நடந்தது.

ஆகவே உன்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். இந்தப் பருவம் முடிவதற்குள் அந்த வளாகத்தில் உன் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியரும் மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும். பத்துப் பேர் வேண்டாம்.

ஆசிரியரிடம் எப்படிப் போவது என்று கேட்பாய். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்தில் மாணவர் சந்திப்பு நேரம் என்று ஒரு வரி இருக்கும். முந்நூறு பேரும் அதைப் பார்க்கிறார்கள். போகிறவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். நான் ஏழாவது வாரத்தில்தான் போனேன், அதுவும் இடைத்தேர்வில் புள்ளியியலில் தோற்ற பிறகு. முதல் நாள் கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் முறை அவரே வெளியே வந்து, "எனக்காகத்தான் காத்திருக்கிறாயா?" என்று கேட்டார். உள்ளே போனதும் விடைத்தாளை நீட்டி, எனக்கு எதுவுமே புரியவில்லை என்றேன். அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. "எந்த வரி வரைக்கும் புரிந்தது? அதைக் காட்டு" என்றார். நாலாவது வரியைக் காட்டினேன். ஐந்தாவது வரிக்குப் போக அவருக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அதுவரை எனக்குப் பாடமே வராது என்று நினைத்திருந்தேன். வராதது ஒரே ஒரு படி.

கதவைத் திறந்து வெளியே வரும்போது என் பெயரைக் கேட்டார். அடுத்த வகுப்பில், முந்நூறு பேருக்கு நடுவில், அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு அந்த அரங்கு எனக்குச் சிறியதாகிவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து முதுகலைக்கு விண்ணப்பித்தபோது எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் அவரே.

நீ போகும்போது "புரியவில்லை" என்று மட்டும் சொல்லாதே. எந்த இடத்தில் நின்றுவிட்டாய் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போ. உன் ஆசிரியர் அறையில்லாத பகுதி நேரக்காரர் என்றால், வகுப்பு முடிந்து அவர் வண்டி நிறுத்துமிடம் வரை நடக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேள்.

மூன்று மாணவர்கள் என்று சொன்னது சேர்ந்து சுற்றுவதற்கு மட்டும் அல்ல. வாரத்தில் ஒரு மாலை நூலகத்தில் சேர்ந்து உட்காருங்கள். குறிப்பேட்டை மூடிவைத்து ஒருவரையொருவர் கேள்வி கேளுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். இரவெல்லாம் நீ வண்ணப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பாதி நேரத்தை இப்படிக் கேள்வி கேட்பதற்குக் கொடு.

இன்னொன்று, நீ சொல்லாமல் விட்டது. ஆண்டுக் கட்டணத்தை வகுப்பு நடக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறாய், இல்லையா? தங்கை சொன்னாள். அப்பா கடனுக்குக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நீ அதைச் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு உன்னை வருத்துவதோடு, தவறாகவும் இருக்கிறது. ஒரு பாடத்தின் எடையைக் கிரெடிட் என்ற அலகில்தான் எண்ணுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பகுதிதான். மிச்சம் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் உன் மேசையிலும் நடப்பது. நூலகரின் உதவி, மனநல ஆலோசகர், அந்தச் சந்திப்பு நேரம் எல்லாமே பெரும்பாலும் கட்டிய கட்டணத்துக்குள் அடக்கம். அப்பாவின் பணம் வீணாகக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தால், அவற்றையெல்லாம் கேட்டு வாங்கு.

உதவித்தொகைக் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படி. குறைந்தபட்சம் எத்தனை கிரெடிட், எவ்வளவு சராசரி என்பதைச் சுவரில் எழுதி ஒட்டு. ஒரு பாடம் சரிப்படவில்லை என்றால் அதிலிருந்து விலகக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதற்கு முன்னால், உதவித்தொகை பாதிக்குமா என்று கல்வி ஆலோசகரிடம் கேட்டுவிட்டு முடிவெடு. பயத்தில் வகுப்புக்குப் போகாமலேயே இருந்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசமான வழி.

கடைசியாக, சொல்ல எனக்கே கஷ்டமாக இருப்பது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாய். நீ வந்தால் வீடு நிறைகிறது. அம்மா வியாழக்கிழமையே உன் அறையைத் துடைத்து வைக்கிறாள். ஆனாலும் இந்த மாதம் இரண்டு வாரம் வராதே. விடுதியில் நட்பு உண்டாவது சனிக்கிழமைகளில்தான். நீ இல்லாத நாட்களில்தான் அங்கே கூட்டம் சேர்கிறது. அந்த நகரத்தையும் நீ இன்னும் பார்க்கவில்லை. அருங்காட்சியகமோ பொதுச் சொற்பொழிவோ, எதற்காவது எதிரறைப் பையனைக் கூட்டிக்கொண்டு போ. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் வேதியியல் ஆசிரியருக்குச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சந்திப்பு நேரம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். போய்விட்டு வந்து, நீ காட்டிய வரி எது, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அக்கா