ரூத் முதலாம் அதிகாரத்துக்குப் பிறகு

அன்புள்ள தோழிக்கு,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருப்பாய், தெரியும். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், முதலில் இதை வாசி.

அம்மா போய்விட்டாள். போன மாதம், விடியற்காலையில், தூக்கத்திலேயே. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அறிவிப்பில் போட்டோம். அம்மா விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. உனக்குப் பேசலாம் என்று நாலைந்து தடவை போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் உடைந்துபோவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

94 வயது. வேதாகமத்தில் தொண்ணூறாம் சங்கீதத்தில் மோசே எழுபது, பெலமிருந்தால் எண்பது என்று கணக்குச் சொல்கிறாரே, "அதுக்கு மேலே எனக்கு 14 வருஷம் இனாம்" என்று கடைசிப் பிறந்தநாளில்கூடச் சிரித்தாள். 80 வயதோடு முழங்கால் போய்விடவே, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபித்தாள். நீளம் மட்டும் குறையவில்லை. குடும்ப ஜெபத்தில் நீ தூங்கி என் தோளில் சாய்ந்ததும், நான் உன்னைக் கிள்ளியதும், அம்மா கண்ணைத் திறக்காமலேயே "தூங்கட்டும் விடு, அவ களைப்பு ஆண்டவருக்குத் தெரியும்" என்றதும் நினைவிருக்கிறதா? என்னை ஒரு நாளும் அப்படித் தூங்க விட்டதில்லை!

பேரப்பிள்ளைகள் ஆறு பேருக்கும் 119ஆம் சங்கீதத்தைப் பங்கு வைத்தது அவள்தான். எட்டெட்டு வசனமாக 22 பகுதி, மொத்தம் 176 வசனம், ஆளுக்கு மூன்று நான்கு பகுதி மனப்பாடம். என் பெரியவன் ஆலயத்துக்குப் போவதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு, தினமும் ராத்திரி போனில் அவளுக்கு வேதம் வாசித்தது அவன்தான். ஏன் கோவிலுக்கு வருவதில்லை என்று அம்மா அவனிடம் கேட்டதே இல்லை. தீமோத்தேயுவுக்கு முன்னே விசுவாசத்தில் நின்ற அவன் பாட்டி லோவிசாளைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வாளாம். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் வருகிற ஒரே இடம் அதுதான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயம்.

நினைவு ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பை என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக அவளுடைய பழைய வேதாகமத்தை எடுத்தேன். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசிப்பாள் அல்லவா? அப்படி வாசித்தால் 1,189 அதிகாரமும் வருஷத்துக்குள் முடிந்துவிடும். முடித்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவாள். வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. 1988இல் மட்டும் மார்ச் 11, ரூத் முதலாம் அதிகாரம். அதோடு நின்றுவிட்டது.

மறுநாள் அப்பா போனார்.

ரூத் முதலாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். நகோமியின் புருஷன் சாகிறான். பிள்ளைகளும் சாகிறார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள், அதாவது கசப்பு, என்று கூப்பிடுங்கள் என்கிறாள். முந்தின நாள் அதை வாசித்துவிட்டுப் படுத்திருக்கிறாள் அம்மா!

பிறகு ஐந்து மாதம் எங்குமே தேதி இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் 20இல், வரிசையை விட்டு எங்கோ தள்ளி, 88ஆம் சங்கீதத்தின் அடியில் ஒரு தேதி. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது கொஞ்சம் நிமிரும். இது நிமிராது, சிநேகிதரும் தோழரும் தூரமாகிப்போனார்கள் என்றே முடிந்துவிடும். ஆகஸ்ட் 21இல் ரூத் இரண்டாம் அதிகாரம். விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டாள். கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை முடிக்க 1989 ஜூன் ஆகியிருக்கிறது.

இதை எழுத வேண்டும் என்கிறேன். அண்ணனுக்கு மனமில்லை. "ஜெப வீராங்கனைன்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த நேரத்துல இது எதுக்கு" என்கிறார். அவர் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் உன்னிடம் சொல்கிறேன், அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் வார்த்தை வருவதில்லை. அம்மாவுக்கு மகளாகப் பிறந்தும் இப்படியா என்று ராத்திரியெல்லாம் வெட்கப்பட்டுக் கிடந்தேன். அந்த வெறும் ஓரங்களைப் பார்த்த அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஐந்து மாதமும் நான் கைக்குழந்தையோடு தூரத்தில் இருந்தேன். சாயங்காலமானால் நீதான் போய் அவளோடு உட்கார்ந்திருந்தாய். அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. உன்னிடம் ஏதாவது சொன்னாளா? பேசாமலே இருந்தாளா? அந்த ஆகஸ்ட் 20 அன்று நீ அங்கே இருந்தாயா?

ஆராதனை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. அதற்குள் எழுது. வர முடிந்தால் வா, எனக்குப் பக்கத்தில் இடம் வைத்திருப்பேன். தூங்கினாலும் கிள்ளமாட்டேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
உன் தோழி