வானியல் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு கழகத்துக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 2024 ஒய்ஆர்4 சிறுகோளைப் பற்றியவை. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை ஏறி, ஒரு வாரத்துக்குள் அநேகமாக இல்லாமலே போனது. கணக்கு தப்பா என்று பலர் கேட்டார்கள். தப்பில்லை. தொடக்கத்தில், கல் கடக்கக்கூடிய இடம் மிக நீண்டதொரு பட்டையாக இருக்கும். அளவீடுகள் சேரச் சேரப் பட்டை குறுகும். பூமி அதற்குள் இருக்கும்வரை, பட்டையில் பூமியின் பங்கு கூடும்; மோதும் சதவீதமும் ஏறும். பூமி பட்டைக்கு வெளியே வந்ததும் சதவீதம் சட்டென்று விழும். இனி இப்படிச் செய்தி வந்தால், ஏறும் எண்ணைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம்.

ஜூன் 30 சிறுகோள் தினக் கூட்டத்தில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரருகே நடந்த நிகழ்வை விரிவாக எடுத்துக்கொண்டோம். 2013 பிப்ரவரி 15 அன்று சுமார் 20 மீட்டர் கல் ஏறக்குறைய 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டி எந்தத் தொலைநோக்கியிலும் படவில்லை. வெளிச்சம் உடனே தெரிந்தது. அதிர்வலை வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேலானது. என்ன வெளிச்சம் என்று ஜன்னலோரம் வந்தவர்கள்மீது கண்ணாடி நொறுங்கி விழுந்தது. காயமடைந்தோர் சுமார் 1,500 பேர். கண்ணைப் பறிக்கும் ஒளி வானத்தில் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகி, சில நிமிடம் தரையோடு படுத்திருங்கள். இந்த ஒன்றையாவது வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் ஒரு கி.மீ.க்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டர் அளவுள்ளவற்றில் பாதிக்கு மேல் இன்னும் அகப்படவில்லை. கவலைக்குரியவை இவைதான்.

நோக்கர் குழுவுக்கு: சிறுகோளைப் படமெடுத்து அளவீடு அனுப்பும்போது, இடத்தைவிட நேரத்தில்தான் பிழை அதிகம் நேர்கிறது. நிமிடத்துக்கு 10 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நகரும் கல்லுக்கு 3 வினாடி பிசகினாலே இடம் அரை விகலை தள்ளிப்போகும். படமெடுக்கும் முன் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிசெய்யுங்கள். ஒளிபதிவு தொடங்கிய நேரத்தை அல்ல, அதன் நடுநேரத்தைக் குறியுங்கள். குறைந்தது மூன்று படங்களில் புள்ளி ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் நகர வேண்டும். இல்லையென்றால் அது கேமராவின் கோளாறுப் புள்ளியாக இருக்கலாம், அனுப்பாதீர்கள்.

2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்னும் சிறுகோள் சுமார் 32,000 கி.மீ. தொலைவில் பூமியைக் கடக்கும். மோதாது. அதற்குள் நேரக் குறிப்பில் எல்லோரும் தேர்ச்சி பெற, மாதப் பயிற்சி தொடரும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

செயலாளர்