புகை தெரியவில்லை என்பதால் மாசு இல்லை என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயு மின் நிலையங்கள் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். "புகையில்லாத, மாசில்லாத மின்சாரம்" என்று அதில் ஒரு வரி. வளைகுடாவில் ஒரு பெரிய எரிவாயு மின் நிலையத்தில் டர்பைன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியில் பாதிதான் சரி. புகை இல்லை, மாசு உண்டு.

முதலில் நிலையம் ஓடும் விதம். வெளிக்காற்றை இழுத்து கம்ப்ரசர் அழுத்தும். அதில் எரிவாயுவை எரித்து வரும் சூட்டு வாயு டர்பைனைச் சுற்றும். டர்பைன் கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கம்ப்ரசரை ஓட்டவே போய்விடும், மிச்சம்தான் ஜெனரேட்டருக்கு. வெளியேறும்போதும் அந்த வாயு சுமார் 600 டிகிரி சூட்டில் இருக்கும். அதை அப்படியே வானத்தில் விட்டால் ஓபன் சைக்கிள். எரிபொருளின் சக்தியில் 35 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகும். அதே சூட்டில் நீராவி எடுத்து இன்னொரு டர்பைனையும் ஓட்டினால் கம்பைண்ட் சைக்கிள். நல்ல நிலையத்தில் 55, 60 சதவீதம் வரை கிடைக்கும். துபாயின் ஜெபல் அலியில் ஒரே வளாகத்தில் 9,500 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. நம் மாநிலத்தில் வழுதூர், குத்தாலம், திருமாகோட்டை எல்லாம் சிறியவை.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் சாம்பலைப் பார்த்தவர்களுக்கு எரிவாயு நிலையம் சுத்தமாகத்தான் தெரியும். சாம்பல் கிடையாது, கந்தக டை ஆக்சைடு பெயருக்குத்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு? நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 900 கிராமுக்கு மேல். கம்பைண்ட் சைக்கிளில் 350 முதல் 400 கிராம், ஓபன் சைக்கிளில் 500க்கும் மேல். கம்பைண்ட் சைக்கிளில் பாதிக்கும் குறைவு என்று சொல்லலாம், இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது? 1,000 மெகாவாட் கம்பைண்ட் சைக்கிள் நிலையம் முழு லோடில், அதாவது முழுத் திறனில், ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட். அதற்குள் 350 டன்னாவது வெளியே போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடு. இது எரிவாயுவிலிருந்து வருவதல்ல. நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கிற நைட்ரஜனே கடும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது. இப்போதைய பர்னர்கள் எரிவாயுவையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து, சுடரின் சூட்டைக் குறைத்து, இதை நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன. ஆனால் லோடு ஏறிய பிறகுதான். விடியற்காலையில் டர்பைனை ஸ்டார்ட் செய்யும்போது புகைபோக்கியின் வாயில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு நிறம் எழும்புவதை நானே பார்த்திருக்கிறேன். நைட்ரஜன் டை ஆக்சைடு அது. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் நிற்கும் நேரத்தில் எரிவாயு கைகொடுக்கும் என்கிறது கட்டுரை. உண்மைதான், நிலக்கரி நிலையத்தை விடச் சீக்கிரம் லோடு ஏற்றலாம். ஆனால் அப்படி அடிக்கடி நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, அரை லோடில் ஓட்டும்போதுதான் ஒவ்வொரு யூனிட்டுக்குமான மாசு கூடுகிறது. விளம்பரங்களில் வருவது முழு லோடு கணக்கு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மீத்தேன். எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். எரியாமல் கசிந்தால், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு சூடாக்கும். கிணற்றில் கசியும், குழாய் இணைப்பில் கசியும், பழுதுபார்க்க லைனைக் காலி செய்யும்போது சீறிக்கொண்டு காற்றில் போகும். புகைபோக்கியில் மாட்டிய மீட்டர் இதில் எதையும் காட்டாது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட வட்டாரங்கள் ஒதுக்கப்பட்டு, நம் மீனவர்கள் எதிர்த்துக் கொண்டிருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் "மாசில்லாத" என்று அச்சில் வருவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எரிவாயுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. எந்த நிலையத்தைப் பற்றி எழுதினாலும் அது ஓபன் சைக்கிளா கம்பைண்ட் சைக்கிளா, ஆண்டுக்கு எத்தனை முறை ஸ்டார்ட் செய்கிறார்கள், எரிவாயு எங்கிருந்து வருகிறது, வழியில் கசிவை யார் அளக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்பைன் ஆபரேட்டர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.