பவர் பத்திரம் அனுப்பும் முன்

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அம்மாவைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. "சிங்கப்பூர்க்காரன் எப்போ வர்றான்?" என்பதுதான் முதல் கேள்வி. காபி அப்புறம்தான் வந்தது.

சரி, உன் மனை விஷயம். மனையை உனக்குப் பதிலாகத் தம்பி விற்க அதிகாரம் கொடுத்து அவன் பெயருக்குப் பவர் எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன், இங்கே ஒரு நோட்டரியிடம் சீல் வாங்கிவிடு என்கிறாய். நடக்காதுடா.

போன மாதம் நானே அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மகளுடைய சான்றிதழில் என் பெயர் தப்பாக இருக்கிறது. அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். அவள் பெங்களூரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். நானும் அதை எடுத்துக்கொண்டு நோட்டரியாக இருக்கும் தெரிந்த வக்கீலிடம் போனேன். "பொண்ணு எங்கே?" என்றார். வரவில்லை என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபது வருஷப் பழக்கம், இதுகூடச் செய்யமாட்டாரா என்று எனக்குக் கோபம். அவர் எதுவும் பேசாமல் தன் பதிவேட்டைத் திறந்து, காலியாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். "இதில் யார் கையெழுத்துப் போடுவது, நீங்களா?" அடுத்த சனிக்கிழமை மகள் பஸ் ஏறி வந்தாள். ஆதாரைப் பார்த்தார், அவர் கண் முன்னால் கையெழுத்து வாங்கினார், பதிவேட்டில் ஏற்றினார், சீல் குத்தினார். ஐந்து நிமிஷம்.

சிவப்பு சீலைப் பார்த்தாலே உள்ளே இருப்பதெல்லாம் அரசாங்கம் ஒத்துக்கொண்ட உண்மை என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். இந்த ஆள் வந்தார், என் முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்த சீல் சொல்வது அவ்வளவுதான். எழுதியது பொய்யென்றால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். பொதுவாகப் பத்து வருஷமாவது தொழில் பார்த்த வக்கீலைத்தான் 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசு நோட்டரியாக நியமிக்கிறது. ஆளையே பார்க்காமல் குத்தித் தருகிறவர்களும் கோர்ட்டு வாசலில் இல்லாமல் இல்லை. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

உன் கதை இன்னும் ஒரு படி மேலே. நீ இந்தியாவில் குடியிருந்தால், பத்திரப்பதிவுக்கான பவருக்கு நோட்டரி சீலே போதாது, சார்பதிவாளர் முன்னால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பதால் உனக்கு வேறு வழி: அங்குள்ள நோட்டரியிடமோ இந்திய ஹைகமிஷனிலோ நேரில் போய்க் கையெழுத்துப் போடு. ஹைகமிஷனே மேல் என்பது என் எண்ணம், இங்கே யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். தாள் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளர் ஆபீஸுக்குத் தம்பியோடு நான் போகிறேன். கூரியர் உறையைத் தூக்கிப் போடவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவை, தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

இன்னொன்று. பவரையே கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. பவர் கொடுப்பதால் மனை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தம்பி முறையாகக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும்.

தாய்ப்பத்திரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அம்மா காட்டினார்கள். அதில் உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்திருக்குமே? பவரில் இரண்டையும் எழுதச் சொல். கையெழுத்துப் போடும் முன் நகலை எனக்கு அனுப்பு, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்