திரும்பி வரும் விண்ணப்பங்களை எண்ணுங்கள்: சென்னையின் 16 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நான் வடசென்னையில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். ஏழு வருடமாகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது விண்ணப்பங்களை ஏற்றுகிறேன். ஆர்.கே. நகரிலிருந்து வேளச்சேரி வரை உங்கள் 16 பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் எந்தக் கட்சி என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை.

போன ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வு நேரம், மையத்தில் நிற்க இடமில்லை. மார்க்கெட்டில் மீன் சுத்தம் செய்து கொடுக்கும் ஓர் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாக வந்தார். முதல் பட்டதாரி சான்றுக்காக. முதல் தடவை கேன் எண்ணே, அதாவது இணையத்தில் விண்ணப்பிக்க ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய பதிவு எண்ணே, சிக்கலாகிவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் அதை எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் தன்னுடைய செல் நம்பரையே போட்டுவிட்டார். இப்போது ஓடிபி அந்த நம்பருக்குப் போகிறது. கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அதைச் சரிசெய்யவே நான்கு நாள் போயிற்று.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் ஏற்றி ஒப்புகைச் சீட்டும் கொடுத்து அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து அது ரிட்டர்ன் ஆகி வந்தது. காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை: டாக்குமென்ட் நாட் கிளியர். நாங்கள் ஏற்றியதோ ஆறு ஆவணம். அதில் எது தெளிவாக இல்லை? படம் மங்கலா, பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா, இல்லை வேறு ஆவணம் வேண்டுமா? எனக்கே தெரியாதபோது அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்? ஆறையும் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது. “கடைசி தேதி வருதே தம்பி” என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் யாரோ சொல்லி, எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போய் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டே நாளில் சான்று வந்துவிட்டது. ஆவணங்கள் அதே ஆறுதான்.

கடிதம் கொடுத்த உறுப்பினருக்கு நன்றி. அது ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றியது. ஆனால் அதே வாரத்தில், அதே மூன்று வார்த்தைக் காரணத்தோடு திரும்பிய இன்னும் 11 விண்ணப்பங்களை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த 11 வீட்டுக்கும் உங்கள் அலுவலகத்துக்கு வழி தெரியவில்லை.

உங்களிடம் கேட்க நினைப்பது இந்த 11 பேருக்காகத்தான். கடிதம் ஒரு வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிற வழி உங்கள் கையில் இருக்கிறது. கேள்வி நேரம் இருக்கிறது, துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது, அந்த நிதியைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் இருக்கிறது, மனுக்கள் குழு இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எத்தனை மனு எழுதினாலும் கிடைக்காத பதிலை, அவையில் நீங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும்.

டிஜிட்டல் வளர்ச்சி என்றதும் புதுச் செயலி, புது இணையதளம், திறப்பு விழா என்றே பேச்சு போகிறது. செயலிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெயிலில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் மானியக் கோரிக்கையின்போது வரும் கொள்கை விளக்கக் குறிப்புகளில் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்பதுதான் முன்னால் நிற்கிறது. திரும்பிப் போனவர்களின் கணக்கை யாராவது கேட்டால்தான் வெளியே வரும். விண்ணப்பம் எந்த மேசைக்கு எப்போது வந்தது, எத்தனை நாள் கிடந்தது, என்ன காரணம் போட்டுத் திருப்பினார்கள் என்பதெல்லாம் கணினியில் பதிவாகிக்கொண்டேதான் இருக்கிறது. காகித ஃபைல் காலத்தில் உங்களுக்கு முன்னால் இருந்த உறுப்பினர்கள் ஆசைப்பட்டாலும் அந்தக் கணக்கை எடுத்திருக்க முடியாது. உங்களால் முடியும்.

2021 ஆகஸ்டில் காகிதமில்லா பட்ஜெட் வந்தபோதே உங்கள் மேசைக்குக் கணினி வந்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது, கூட்டம் குறைவான நாட்களில் மையத்திலேயே செல்போனில் பார்ப்பேன். 2023-ல் 234 சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும் இ-சேவை மையம் வைக்க அரசு ஏற்பாடு செய்தது. அப்படியானால் நான் நோட்டில் எழுதுகிற கணக்கு உங்கள் அலுவலகத்திலேயே கிடைக்கும். மாதம் ஒருமுறை உங்கள் மையத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: எத்தனை ஏற்றினோம், எத்தனை திரும்பின, எந்தக் காரணம் அதிகம்? அந்தத் தாளோடு அவைக்குப் போங்கள். மாநகராட்சி வார்டுகளில் மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டங்களும் இருக்கின்றன, அங்கே வரும் குறைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்சி மொழிச் சட்டத்தை 1956-ல் நிறைவேற்றியது இதே அவை. தமிழ் இணைய மாநாடு 1999-ல் இந்தச் சென்னையில்தான் நடந்தது, தமிழ்99 விசைப்பலகை அதிலிருந்து வந்தது. எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்து ஒரேபோல் தெரிய உதவும் யூனிகோடை 2010-ல் அரசே ஏற்றுக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் மீன் சுத்தம் செய்யும் ஒரு தாய்க்கு அவருடைய விண்ணப்பம் ஏன் திரும்பியது என்பது ஆங்கிலத்தில் வருகிறது. எந்த ஆவணம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி எழுதாமல் யாரும் ஒரு விண்ணப்பத்தைத் திருப்ப முடியாது என்று விதி வரட்டும். மென்பொருளில் இது பெரிய வேலை இல்லை. யாராவது அவையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலக மையத்துக்கு வருபவர்கள் ஆதார் நகலையும் ரேஷன் கார்டு நகலையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேலை முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது கிழித்துப் போடச் சொல்லுங்கள். அந்தச் செல் நம்பர்கள் தேர்தல் நேரத்தில் கட்சியின் பட்டியலுக்குப் போகக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியிருக்கிறது. சான்றிதழ் வேண்டி வந்தவர் அதற்காக மட்டும்தான் தன் விவரத்தைக் கொடுத்தார்.

இந்த வருடமும் கலந்தாய்வு நேரத்தில் கூட்டம் வரும். உங்களில் ஒருவராவது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, முன்கூட்டித் தகவல் சொல்லாமல், உங்கள் தொகுதியில் ஏதாவது ஒரு மையத்துக்கு வாருங்கள். என் மையத்துக்கே வந்தாலும் சரி. என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். நோட்டையும் எடுத்துத் தருகிறேன். அந்த 11 பேரின் பெயர்களை மறைத்து, தேதியும் காரணமும் மட்டும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஓர் இ-சேவை மையப் பணியாளர்