ஐப்பசி மழைக்கு முன் கிட்டங்கிக் கூரை: பத்தமடை ஓவியக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பத்தமடையிலும் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கோபாலசமுத்திரம் ஆகிய அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருக்கிற பெரியவர்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஓவியக் கூடக் குழு எழுதிக்கொள்வது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாய்ச் சரக்கு வைத்திருந்த பழைய கிட்டங்கியில் நடக்கும் ஓவியக் கூடத்துக்கு மொத்தச் செலவு 6,85,000 ரூபாய். இதுவரை கையில் சேர்ந்தது 4,12,500. இன்னும் 2,72,500 ரூபாய் வேண்டும், அதுவும் புரட்டாசி முடிவதற்குள் வேண்டும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் கூரையைப் பிரிக்க முடியாது. கிட்டங்கிக்காரர் ஐந்து வருஷத்துக்கு வாடகையே வேண்டாம் என்று இடத்தைக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: இந்த மழைக்கு முன் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குப் பேசிவிடுவார். அதற்காக அவர்மேல் குறைசொல்லவும் முடியாது.

கூடத்தில் என்ன நடக்கிறது என்பது ஊருக்குள்ளேயே இன்னும் பலருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் கிளாஸா என்று கேட்கிறார்கள். கிளாஸ் என்று சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர் ஒருவர், ஹைதராபாத்திலும் சென்னையிலும் அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பல வருஷம் வேலை பார்த்தவர், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஊருக்குத் திரும்பிவிட்டார். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல நாங்களும் அண்ணாச்சி என்றே எழுதுகிறோம். சனி, ஞாயிறுகளிலும் லீவு நாள்களிலும் அண்ணாச்சி கிட்டங்கியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைகிறார். பக்கத்தில் பதினாறு பிள்ளைகள் உட்கார்ந்து வரைகிறார்கள். எல்லாரும் சேர்ந்து செய்வது ஒரே படைப்பு. கன்னடியன் கால்வாய்க் கதையை 24 பெரிய படங்களாக வரைகிறார்கள்.

கதை நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். சேர நாட்டு ராஜா கொடுத்த தானத்தைக் கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் வாங்கினார், அதில் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, பொதிகையில் அகத்தியரிடம் வழி கேட்டார், ஒரு பசுவின் பின்னால் போகச் சொன்னார் அகத்தியர், பசு நடந்த வழி கால்வாய் ஆயிற்று, படுத்த இடம் குளம் ஆயிற்று என்று சொல்வார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர் தன் கைக்கு வந்த பொருளையெல்லாம் மண்ணைத் தோண்டத் தந்ததால்தான் நம் வயலுக்குத் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். இதை வாசிக்கும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படம் ஒருவர் கையில் முடிவதில்லை. முதலில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, எந்தக் காட்சி, யார் எங்கே நிற்பது என்று சின்னச் சின்னக் கட்டங்களில் கிறுக்கிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு பிள்ளை கோடு போடும், இன்னொன்று நிறம் நிரப்பும், வேறொன்று வெயிலும் நிழலும் வைக்கும். அண்ணாச்சியும் அதே படத்தில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு வரைவார். இத்தனை வருஷம் வரைந்தவரே ஒரு மாட்டின் பின்னங்காலை ஏழெட்டுத் தடவை அழித்து அழித்துப் போடுவதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கிடைக்காது. முடித்த படத்தை மட்டும் பார்க்கிற பிள்ளை நமக்கு இது வராது என்று ஒதுங்கிவிடும். அழிப்பதையும் பார்க்கிற பிள்ளைதான் திரும்பப் பேனாவை எடுக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மடையிலிருந்து தண்ணீர் பாய்வதை வரைந்திருந்தான். தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி நின்றது. அண்ணாச்சி தப்பு என்று சொல்லவில்லை. அவன் படத்துக்கு மேலே கண்ணாடித் தாள் விரித்த மாதிரி புதிதாக ஒரு லேயர் போட்டு, நீல நிறத்தில் நாலே நாலு கோடு இழுத்தார். மடை வாயில் தண்ணீர் எங்கே குவிகிறது, எங்கே விரிகிறது என்று காட்டினார். பார்த்துக்கிட்டியா என்று கேட்டுவிட்டு அந்த லேயரை மறைத்துவிட்டார். பையனை வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மறுவாரம் அவன் போட்ட தண்ணீர் ஓடியது.

இன்னொரு நாள் ராஜா சபையில் விரித்திருக்கும் பாயை ஒரு பெண்பிள்ளை வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வந்த அவள் உம்மா தலைமுறையாகப் பாய் நெய்கிற குடும்பம். திரையைச் சற்று நேரம் பார்த்தவர், “ஓரத்துப் பட்டை ரெண்டு பக்கமும் ஒத்து வரலையே. நெய்யும்போது இப்படி வரவே வராது” என்றார். அண்ணாச்சி எழுந்து தன் நாற்காலியைப் போட்டு, “உக்காருங்க அக்கா, எப்படி வரும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். அந்த அம்மா விரலைத் திரையில் வைத்து இழை இழையாக எண்ணிச் சொல்ல, மகள் கட்டம் கட்டமாக நிறத்தை மாற்றினாள். பாயில் ஒவ்வொரு கோரையாக உருவம் வருவது போலத்தான் திரையிலும் புள்ளி புள்ளியாக வருகிறது என்பதை அன்றைக்கு எல்லாரும் கண்ணால் பார்த்தோம். அந்த அம்மா இப்போது வாரா வாரம் வருகிறார்.

நம் ஊருக்கு இது புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோரையைக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டுத் துணிபோல மடிகிற பாயை நெய்த ஊர் இது. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனது பத்தமடைப் பாய் என்பதை நம் தாத்தாமார் சொல்லி அலுத்ததே இல்லை. 1887இல் இங்கே பிறந்த சுவாமி சிவானந்தர் மலேயாவில் டாக்டராக இருந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர். கொடுப்பதும் கற்றுக்கொடுப்பதும் இந்த மண்ணுக்குப் பழக்கமானவை.

ஓவியத்திலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. குற்றாலத்தில் நடராஜருக்கு இருப்பது சித்திர சபை. ஐந்து சபைகளில் சுவர் முழுக்க ஓவியமாக இருப்பது அதுதான். ஆற்றங்கரையில் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்கள். கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற காட்சியைக்கூட அங்கே வரைந்திருக்கிறார்கள். யார் யார் வரைந்தார்கள் என்று பெயர் இல்லை. ஒருவர் கையால் ஆகிற வேலை இல்லை அது, ஆசானும் பிள்ளைகளும் சாரம் கட்டி ஏறி வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கோவில்பட்டியில் சாமி படங்கள் வரைந்த ஓவியர் கொண்டையராஜு இருந்தார். அவரைச் சுற்றிச் சீடர்கள் இருந்தார்கள். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீட்டுச் சுவரிலெல்லாம் தொங்கிய சாமி படங்கள் பலவற்றில் ஆசானும் சீடரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் ஆச்சி வீட்டுப் பூசை அறையில் பழைய படம் இருந்தால் கீழ் மூலையைப் பாருங்கள். கிட்டங்கியில் நடப்பதும் அதே வழிதான். தூரிகைக்குப் பதில் பேனா, துணிக்குப் பதில் திரை.

சரி, கணக்குக்கு வருவோம்.

கூரைக்கு 1,15,000. கரையான் அரித்த கைமரங்களை மாற்ற வேண்டும், தெற்குப் பக்கத்து ஓடு முழுக்கப் புதிதாகப் போட வேண்டும். ஆசாரியும் கொத்தனாரும் ஏறிப் பார்த்துச் சொன்ன தொகை இது, பேரம் பேசியாகிவிட்டது. வயரிங், இன்வெர்ட்டர், பேட்டரிக்கு 78,000. கரண்ட் போனால் அரைநாள் வேலை போகிறது, பிள்ளைகள் அழுதே விடுகிறார்கள். கம்ப்யூட்டர் எட்டு, ஒன்று 42,000 வீதம் 3,36,000. கம்ப்யூட்டரில் பேனாவால் வரைவதற்கான பலகை, அதாவது பென் டேப்லெட் எட்டு, ஒன்று 4,500 வீதம் 36,000. திரையின் மேலேயே வரைகிற பெரிய டேப்லெட் ஒன்று 38,000. மேசை, பெஞ்சு 32,000. 24 படங்களையும் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்க 50,000.

இப்போது இருப்பது அண்ணாச்சி தன் கைக்காசில் வாங்கிய மூன்று கம்ப்யூட்டர்கள். பதினாறு பிள்ளைகள் முறைவைத்து உட்காருகிறார்கள். முறை வராத பிள்ளை போனில் விரலால் வரைகிறது. விரலால் வரைவதற்கும் பேனாவால் வரைவதற்கும் வித்தியாசம் அதிகம். சாதாரண விலைக்குக் கிடைக்கும் பென் டேப்லெட்டிலேயே இப்போது பேனாவை அழுத்துகிற அழுத்தத்தை 8,192 படியாகப் பிரித்து அறிய முடியும். கோடு மெலிவதும் தடிப்பதும் கையின் பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் விரலுக்கும் போனுக்கும் நடுவில் வராது.

மென்பொருளுக்கு ஒரு பைசாவும் கேட்கவில்லை. படம் வரையவும் அனிமேஷன் செய்யவும் உதவும் கிரிட்டா, இங்க்ஸ்கேப், பிளெண்டர் மூன்றும் இலவசம், சட்டப்படி இலவசம். பிளெண்டர் எப்படி இலவசமானது என்பதை அண்ணாச்சி எங்களுக்குச் சொன்னார், உங்களுக்கும் சொல்ல வேண்டும். அதைச் செய்த நிறுவனம் மூடப்பட்டபோது மென்பொருள் முதலீட்டாளர்கள் கையில் மாட்டிக்கொண்டது. விடுவிக்க 1,00,000 யூரோ கேட்டார்கள். 2002இல் உலகம் முழுக்க இருந்து ஆள்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், ஏழு வாரத்தில் தொகை சேர்ந்துவிட்டது. அந்த மென்பொருளில் செய்த ஒரு அனிமேஷன் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது. முகம் தெரியாத ஆள்கள் போட்ட பணத்தில்தான் நம் பிள்ளைகள் இன்றைக்குக் காசில்லாமல் கற்கிறார்கள்.

அண்ணாச்சி சம்பளம் வாங்கவில்லை. பெட்ரோல் காசாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று குழுவில் தீர்மானம் போட்டும் மறுத்துவிட்டார்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் தங்களுக்குள் வசூல் செய்து 1,60,000 ரூபாய் அனுப்பினார்கள். வெயிலில் நின்று சம்பாதித்த காசு என்று எங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை அப்படியே கவரில் வைத்துக் கொடுத்தார். பெண்கள் சுய உதவிக் குழுவினர் கூட்டம் போட்டு, ஆளுக்கு இருநூறு என்று முடிவெடுத்துத் தந்தார்கள். ஜமாஅத்தாரும் கோயில் கொடைக் கமிட்டியாரும் ஒரே நாளில் வந்து கொடுத்ததை ஊரே பார்த்தது. பாய் நெய்கிற அக்காமார் சேர்ந்து ஒரு பட்டுப்பாய் நெய்து ஏலத்துக்குத் தந்தார்கள். அதை ஏலம் எடுத்தவர் பாயைக் கூடத்திலேயே விட்டுவிட்டார், பிள்ளைகள் பார்த்து வரையட்டும் என்று. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை அண்ணாச்சி பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை டீயும் வடையும் கணக்கெழுதாமல் அனுப்புகிறார். முதியோர் உதவித்தொகையில் வாழ்கிற ஆச்சி ஒருவர் முந்தியில் முடிந்துவைத்திருந்த 500 ரூபாயை அவிழ்த்துத் தந்தார். வேண்டாம் ஆச்சி என்றோம். “நான் குடுக்கக் கூடாதா? எம் பேத்தி படிக்கலையா?” என்று கோபித்துக்கொண்டார். இவர்கள் எல்லாருக்கும் கடவுள் நீண்ட ஆயுளையும் நிறைவையும் கொடுக்கட்டும். தானத்தால் பொருள் குறைவதில்லை என்று நம் எல்லா மார்க்கத்திலும் சொல்லியிருக்கிறது.

சிலர் கேட்கிறார்கள்: வாயால் சொன்னாலே கம்ப்யூட்டர் படம் போட்டுத் தருகிறதாமே, பிள்ளைகள் எதற்குக் கை வலிக்க வரைய வேண்டும்? நியாயமான கேள்விதான். இயந்திரம் போடுகிற பாயில் ஓரத்துப் பட்டை ஒத்து வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் வரைந்து வரைந்துதான் வரும். நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அதை ஆளப்போவது அந்தக் கண் உள்ள பிள்ளைதான். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வோம்?

இனிச் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்களில் சிலர் இன்னும் கொடுக்கவில்லை. அப்படி நிற்பது 61,000 ரூபாய். வந்து சேராததால் மேலே சொன்ன 4,12,500இல் அதைச் சேர்க்கவில்லை. கஷ்டம் இருந்தால் சொல்லிவிடுங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டோம், பாதி கொடுத்தாலும் போதும். ஆனால் பிள்ளைகள் முன்னால் சொன்ன வார்த்தை அது. நோட்டில் எழுதிக்கொண்டவளும் ஒரு பிள்ளைதான். கோயில் கொடைக்கு வரி பாக்கி வைக்காத ஊர் நம்முடையது. ஒரு ராத்திரி வாணவேடிக்கைக்குக் கொடுக்கிற கை, நம் பிள்ளைகள் ஐந்து வருஷம் உட்கார்ந்து கற்கப்போகிற கூரைக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? கூரை ஒழுகி இடம் கைவிட்டுப் போனால் நாளைக்கு அந்தப் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு பேசுவோம்?

ஒருவர் ஒரு கம்ப்யூட்டரை ஏற்கலாம், இருவர் சேர்ந்தும் ஏற்கலாம். ஒரு டேப்லெட் 4,500 தான். அதுவும் முடியாதவர்கள் ஓட்டுக்கென்று ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் தலைமேல் வைத்துக்கொள்வோம். ஆசாரி வேலை, எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தால் அதையும் நன்கொடைப் புத்தகத்தில் எழுதுவோம். நல்ல நிலையில் இருக்கிற பழைய மானிட்டர் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.

பணத்தைக் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோ, கிட்டங்கியில் மாலை நேரத்தில் பொருளாளரிடம் நேரிலோ மட்டும் கொடுங்கள். எண்ணிட்ட ரசீது வாங்காமல் யாரிடமும் தர வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிட்டங்கி வாசல் பலகையில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் நோட்டை வாங்கிப் பார்க்கலாம். கூரை வேலையைப் புரட்டாசி மூன்றாம் வாரம் தொடங்க ஆசாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஓட்டுக்கு மீதிப் பணத்தை அதற்குள் கட்டினால்தான் லோடு வரும். ஆகவே கொடுக்க நினைப்பவர்கள் கடைசி நாள்வரை வைத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓவியக் கூடக் குழுவினர்,
பத்தமடை